முனை ஒடிந்த பேனாக்கத்தியும் ஓர் அறிவுரையும்

என் பேனாக்கத்தியின் முனை எப்படி ஒடிந்தது என்பது இங்குள்ள பலருக்கும் தெரியும் என்பதால் அதை விரிவாகச் சொல்லப் போவதில்லை. இரவல் வாங்கிய ஒருவர் அதைக் கொண்டு பெயின்ட் டப்பாவின் மூடியை நெம்பி முனையை ஒடித்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். திருப்பிக் கொடுக்கும்போது, “தடிமனான நல்ல கத்தியாகப் பார்த்து வாங்கக் கூடாதா?” என்று அறிவுரை சொன்னாரே, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

கத்தி வெட்டுவதற்கான கருவி, நெம்புவதற்கானது அன்று. அன்றாடம் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் மடக்குக் கத்தியில் நான் முதலில் பார்ப்பது அலகின் மெல்லிய தன்மையைத்தான். முதுகுப் பக்கம் 2 மி.மீ. இருந்து, வெட்டும் விளிம்பை நோக்கிச் சீராக மெலிந்து வரும் அலகு அட்டைப்பெட்டிக்குள் வழுக்கிக்கொண்டு போகும்; 4 மி.மீ. தடிமனுள்ள அலகோ, எவ்வளவு கூராக இருந்தாலும், ஆப்பு போல நடுவில் சிக்கி நிற்கும். தடித்த அலகு உறுதியானது அல்லவா என்பீர்கள். உறுதியானதுதான். கடப்பாரையும் உறுதியானதுதான், அதையும் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாமே!

1891-இல் சுவிஸ் ராணுவத்துக்காக உருவான கத்தியிலேயே அலகுடன் தனியாகத் திருப்புளியும் டப்பாத் திறப்பானும் இருந்தன. நெம்பும் வேலையை அலகின் தலையில் கட்டக் கூடாது என்பது அன்றைய சிப்பாய்க்கே தெரிந்திருக்கிறது.

எஃகின் பெயரை விட்டுவிட்டாயே என்று சிலர் வருவார்கள். கடினத்தன்மையைக் குறிக்கும் ராக்வெல் அளவில் 60-ஐத் தாண்டும் எஃகு நெடுநாள் கூர் மழுங்காமல் இருக்கும் என்பது உண்மை. ஆனால் அதைச் சாணைக்கல்லில் தீட்டப் பொறுமை வேண்டும். 56 அளவிலுள்ள துருப்பிடிக்காத எஃகு விரைவில் மழுங்கினாலும் சில நிமிடங்களில் மீண்டும் கூராகிவிடும். எனக்கு அது போதும். உங்களுக்குப் போதாது என்றால் உங்கள் விருப்பம்.

விரித்த அலகு தானாக மடங்காமல் தடுக்கும் பூட்டு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பல ஆண்டுகளுக்கு முன், பூட்டில்லாத கத்தியின் முனையால் தோல் வாரில் துளையிட முயன்றபோது, அலகு மடங்கி என் ஆள்காட்டி விரலில் இறங்கியது, இரண்டு தையல். தவறு என்னுடையதுதான், கத்தியைக் குறை சொல்லவில்லை. (நான் யாரைப் பற்றிச் சொல்கிறேன் என்பது உங்களுக்குப் புரியும்.) ஒபினெல் என்ற பிரெஞ்சு மடக்குக் கத்தியில் 1955 முதல் இருக்கும் சுழல் வளையம் போன்ற எளிய பூட்டே போதும், ஆனால் பூட்டையும் அலகின் நீளத்தையும் அவரவர் நாட்டுச் சட்டம் அனுமதிக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

“ஒரு சின்னக் கத்திக்கு இவ்வளவு பெரிய பதிவா?” என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த அலகின் முதுகை ஒரு மாலை முழுவதும் கல்லில் தேய்த்துப் புதிய முனை எடுத்தேன். நீளத்தில் 3 மி.மீ. போய்விட்டது. எனக்குச் சினம் கத்திக்காக மட்டும் அன்று. டப்பாவைத் திறக்க வேண்டும் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அதே பையில் இருந்த திருப்புளியை எடுத்துக் கொடுத்திருப்பேன்.