அரை மணி நேர வேலையாம்!

இரண்டு பிளக், அதாவது துளையை அடைக்கும் திருகு மூடிகள். மேலே ஒன்று, கீழே ஒன்று. கீழே இருப்பதைக் கழற்றினால் பழைய ஆயில் வடிந்துவிடும். அதை மூடிவிட்டு மேலே இருப்பதன் வழியாகப் புதியதை ஊற்றினால் தீர்ந்தது. காரின் டிஃபரன்ஷியல் (எஞ்சினின் சுழற்சியைச் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) ஆயிலை வீட்டிலேயே மாற்றலாமா என்று யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறார்கள். கூடவே ஒரு பொன்மொழி: "அரை மணி நேர வேலை." சொல்கிறவர் எங்கே நின்றுகொண்டு சொல்கிறார் என்று பாருங்கள். வண்டியை லிஃப்டில் தலைக்கு மேல் ஏற்றிவிட்டு, அதன் அடியில் நிமிர்ந்து நின்று, கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு சொல்கிறார். அவருக்கு அரை மணி நேரம்தான். எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதாகப் போயிற்று. முதுகும் கூடவே போயிற்று.

எஞ்சின் ஆயிலுக்கு டிப்ஸ்டிக் என்று ஒன்று இருக்கிறது. உருவினால் அளவு தெரியும். டிஃபரன்ஷியலுக்கு அந்த மரியாதை கிடையாது. ஊற்றுகிற துளையேதான் அளவு. பெரும்பாலான வண்டிகளில் துளையின் கீழ் விளிம்பை ஆயில் எட்டி மெல்ல வழிந்தால் போதும் என்று அர்த்தம். அது சரியாகத் தெரிய வேண்டுமென்றால் வண்டி மட்டமாக நிற்க வேண்டும். ஆனால் அடியில் நுழைய வண்டியைத் தூக்கியாக வேண்டும். ஒரு பக்கம் தூக்கினால் மட்டம் போய்விடுகிறது. மட்டமாக விட்டால் நுழைய இடமில்லை. கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்று பிறரைக் கேலி செய்வோமே, இங்கே எனக்கு இரண்டின் மேலும் ஆசையில்லை, இரண்டுமே கட்டாயம்!

வண்டியோடு தந்த ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டும்தான். அதை நம்பி அடியில் தலையை நுழைக்கிறவனுக்கு வீட்டில் யாரும் முக்கியமில்லை என்று பொருள். தூக்கிய வண்டியைத் தாங்கி நிறுத்தும் ஸ்டாண்டும் என்னிடம் கிடையாது. ஆகவே தூக்கவே வேண்டாம் என்று முடிவு செய்தேன். மட்டமான தரை, கை பிரேக், சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து, வண்டி கொஞ்சம் உயரமானதுதானே என்ற தைரியத்தில் மல்லாந்து ஊர்ந்து போனேன். உயரமாம் உயரம்! பின் ஆக்சிலோடு சேர்ந்த டிஃபரன்ஷியல் உருண்டைதான் என் வண்டியின் அடிவயிற்றிலேயே தாழ்வான இடம். அதற்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண். அந்த ஒரு சாணுக்குள் தட்டு, ஸ்பேனர், என் இரண்டு கைகள், அவ்வப்போது என் முகம்.

மேல் பிளக்கை முதலில் கழற்ற வேண்டும். இதை எத்தனை பேர் சொல்கிறார்கள்? கீழே உள்ளதைத் திறந்து ஆயிலை வடித்துவிட்டு, அப்புறம் மேலே உள்ளது அசையவில்லை என்றால், ஆயில் இல்லாத வண்டியைப் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டும் போக முடியாது. அதனால் முதலில் மேலே. பிளக்கின் நடுவே சதுரக் குழி. அதற்குள் அரை அங்குல ராட்செட்டின் (பல் பல்லாக ஒரே பக்கம் திருகும் ஸ்பேனர்) முனை உட்கார வேண்டும். குழியைக் காணோம். இறுகிக் கல்லான சேறுதான் இருந்தது. ஊக்கை வளைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டினேன். அரைகுறையாகத் தோண்டிவிட்டுத் திருகினால் முனை ஆழமாக உட்காராமல் குழியின் மூலை மழுங்கிவிடும் என்ற பயம் வேறு. தோண்டத் தோண்ட உதிர்ந்த துருவெல்லாம் கண்ணில்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. போன சர்வீஸ் பில்லில் "டிஃபரன்ஷியல் ஆயில் அளவு சரிபார்க்கப்பட்டது" என்று அச்சடித்து டிக் வேறு போட்டிருந்தார்கள். இந்தப் பிளக்கைக் கழற்றாமல் அளவு பார்க்க வேறு வழியே கிடையாது. நான் தோண்டிய சேறோ பல மழைகளைக் கண்டது! எதை வைத்து ஐயா பார்த்தீர்கள், ஞானக்கண்ணாலா?

ராட்செட்டை மாட்டியாயிற்று. திருப்ப இடம்? ஒரு பக்கம் சைலன்சர் குழாய், மறுபக்கம் தரை. பிடி ஒரு தடவைக்கு இரண்டு பல்தான் நகர்கிறது. டிக், டிக். திரும்ப வை. டிக், டிக். டார்ச் பிடித்த மகன் எல்லா இடத்துக்கும் வெளிச்சம் காட்டினான், பிளக்கைத் தவிர. "இங்கே காட்டடா" என்றால் என் கண்ணுக்குள் காட்டினான். "இன்னும் எவ்வளவு நேரம் அப்பா?" அரை மணி நேரம் என்று எனக்குச் சொன்னவரை நினைத்துக்கொண்டேன், வாய்விட்டுச் சொல்ல முடியாத வார்த்தைகளோடு.

வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டி, ஆயில் சூடாக இருக்கும்போது வடித்தால் நன்றாக வடியும் என்பார்கள். உண்மைதான். ஆயில் இளகுகிறது. அதே ஓட்டத்தில் சைலன்சர் குழாயும் கொதிக்கிறது என்பதை மட்டும் சொல்லமாட்டார்கள். அதை என் முழங்கை கண்டுபிடித்தது. கீழ்ப் பிளக் கழன்றதும் ஆயில் நேராக விழவில்லை. முதலில் வில் மாதிரி வளைந்து தட்டைத் தாண்டிப் பாய்ந்தது. அவசரமாகத் தட்டைத் தள்ளிவைத்தால், வேகம் குறைந்து செங்குத்தாக விழ ஆரம்பித்தது, என் சட்டைக் கையில். பிளக்கும் கை நழுவித் தட்டுக்குள் மூழ்கிற்று.

அந்த நாற்றத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். உள்ளே பினியன் என்ற சின்னப் பல்சக்கரத்தின் பல்லும் கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்தின் பல்லும் உருள்வதோடு நிற்காமல் ஒன்றின்மேல் ஒன்று அழுந்தி வழுக்குகின்றன. சாதாரண ஆயில் அந்த அழுத்தத்தில் நசுங்கி விலகிவிடும் என்பதால் கந்தகமும் பாஸ்பரஸும் சேர்ந்த ரசாயனங்களைக் கலக்கிறார்கள். ஜிஎல்-5 என்று டப்பாவில் போட்டிருப்பது அதுதான். பல்லுக்கு நல்லது, சரி. மூக்குக்கு? மூன்று முறை தலைக்குக் குளித்தும் போகவில்லை. தலையணை உறைக்கும் ஏறிவிட்டது.

காந்தம் வைத்த பிளக்கில் சாம்பல் நிறத்தில் பசை போல ஒட்டியிருந்தது. அது தேய்மானம், பயமில்லை. பல் துண்டு ஏதாவது ஒட்டியிருந்தால்தான் கவலை. வந்த ஆயில் கன்னங்கரேல். இதைத்தான் சில நிறுவனங்கள் "ஆயுள் முழுவதும் மாற்ற வேண்டாம்" என்கின்றன. யாருடைய ஆயுள்?

ஊற்றும் படலம் இன்னும் கொடுமை. டப்பாவைக் கவிழ்க்க இடமில்லை. டப்பாவின் உயரமே அந்த ஒரு சாணைவிட அதிகம். கைப் பம்பும் குழாயும்தான் கதி. 75டபிள்யூ-90 என்ற கெட்டித் தரத்து ஆயில், பாகு மாதிரி. அழுத்து, மூச்சு வாங்கு, அழுத்து. பாதியில் குழாய் துளையிலிருந்து நழுவிக் காதுக்குள் ஒரு பீய்ச்சு. என் வண்டிக்கு 2.2 லிட்டர் வேண்டும். டப்பாவோ ஒரு லிட்டர் கணக்கில்தான் வருகிறது. அந்த 200 மில்லிக்காக மூன்றாவது டப்பா! மிச்சம் 800 மில்லி இப்போது அலமாரியில் நாறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

ஒருவழியாகத் துளை விளிம்பில் ஆயில் வழிந்தது. மூடினேன். இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்சின் நீளத்துக்கு அங்கே இடமேது, கைக்கணக்கில்தான் இறுக்கினேன். எழுந்து நிற்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. சட்டையைக் கழற்றும்போது பையிலிருந்து ஏதோ கிணுங்கிக்கொண்டு விழுந்தது. பிளக்குகளில் கசிவைத் தடுக்கப் போட வேண்டிய புத்தம் புதிய அலுமினிய வாஷர்கள், இரண்டு. காலையில் தொலைந்துவிடக் கூடாதே என்று நானே பத்திரமாக வைத்தவை. நசுங்கிப் போன பழைய வாஷர் பிளக்கோடு பிளக்காக ஒட்டியிருந்ததால், அதையே மறுபடி முறுக்கிவிட்டிருக்கிறேன்.

மறுநாள் காலையில் அட்டையில் ஒரு சொட்டு இருந்தது. மேல் பிளக்கிலிருந்து கசிந்திருந்தால்கூட வாஷரை மட்டும் மாற்றிவிடலாம். கசிவது கீழ்ப் பிளக். அதன் வாஷரை மாற்ற, நேற்று ஊற்றிய 2.2 லிட்டரையும் மறுபடி வடிக்க வேண்டும். மகன் டார்ச்சை ஒளித்துவைத்துவிட்டான்.