கழுத்து இழுத்தால் வேப்பிலை தேடாதீர்கள்

மன்னார்குடிப் பக்கம் மருந்துக்கடை நடத்துகிறவன் நான். நெடுநாள் கோபம் ஒன்றை இங்கே கொட்டுகிறேன்.

மனநோய்க்கு மாத்திரை தொடங்கிய இரண்டு மூன்று நாளில் பையனுக்குக் கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொள்கிறது. கண் மேலே செருகி நிற்கிறது, நாக்கு தடித்துப் பேச்சு குழறுகிறது. வீட்டில் உடனே ‘காத்துக் கருப்பு’ என்று முடிவாகிவிடும். வேப்பிலை அடித்துப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில், மனநோய் தீரும் என்று நம்பிப் போகிற குணசீலம் பெருமாள் கோயில். கோயிலுக்குப் போவதை நான் குறை சொல்லவில்லை, நானும் பெருமாளைக் கும்பிடுகிறவன்தான். ஆனால் வழியில் இருக்கும் அரசு மருத்துவமனையில் ஒரு புரோமெத்தசின் ஊசி போட்டால், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் கழுத்து நேராகிவிடும்.

இது பேயல்ல, மாத்திரையின் பக்கவிளைவு. ஹாலோபெரிடால் போன்ற பழைய மனநோய் மருந்துகளில் அதிகம், புதிய வகையான ரிஸ்பெரிடோனிலும் வரும். முதியவர்களைவிட இளைஞர்களுக்கு, அதிலும் ஆண்களுக்கு, கூடுதலாக வருகிறது. சீட்டு எழுதும் மருத்துவருக்கு இதெல்லாம் தெரியும். சொன்னால் வீட்டார் பயந்து மாத்திரையை நிறுத்திவிடுவார்களாம். என்ன வாதம் இது! சொல்லாததால்தான் நிறுத்துகிறார்கள். கழுத்து இழுத்ததைப் பார்த்த தாய் மாத்திரை அட்டையை வாய்க்காலில் வீசாமல் என்ன செய்வார்?

இன்னொரு விளைவு வெளியே தெரியாது. உள்ளுக்குள் ஒரு தவிப்பு. உட்கார முடியாது, படுக்க முடியாது, பையன் திண்ணைக்கும் தெருவுக்கும் நடந்துகொண்டே இருப்பான். நோய் முற்றிவிட்டது என்று எண்ணி அளவைக் கூட்டினால் அவஸ்தையும் கூடும். அது தாளாமல் சாக நினைப்பவர்களும் உண்டு.

உயிருக்கே ஆபத்தான விளைவு அரிது. கடும் காய்ச்சல், மரக்கட்டை போல விறைத்த உடல், கொட்டும் வியர்வை, குழம்பிய பேச்சு. கத்திரி வெயிலில் வயலில் நின்றுவிட்டு வந்தவனுக்கு இப்படி ஆனால் வெயில் காய்ச்சல் என்றுதான் நினைப்போம், பாராசிட்டமால் கேட்டுக் கடைக்கு வருவோம். உடலில் நீர் வற்றுவதும் இதைத் தூண்டும் காரணங்களில் ஒன்று. அப்போது அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல், சீட்டோடு உடனே தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மற்ற விளைவுகளுக்கு மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது; அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம், அது அவர் வேலை.

மருந்தால் வந்த கெடுதலை நோயாளியின் வீட்டாரே 1800-180-3024 என்ற இலவச எண்ணில் அரசுக்குத் தெரிவிக்கலாம். இந்த எண்ணையும் மேலே சொன்ன அறிகுறிகளையும் தமிழில் எழுதி மாத்திரையோடு கொடுக்கிறேன். இதில் சில மருத்துவர்களுக்கு வருத்தமாம். இருந்துவிட்டுப் போகட்டும்.