ஆறு பேரை வாசலில் நிறுத்திய மாநாடு: நியூயார்க், 1939

1939 ஜூலை 2 முதல் 4 வரை நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிபுனை (அறிவியல் புனைகதை) மாநாட்டைப் பற்றி யார் எழுதினாலும் இரண்டு சங்கதிகள் தவறாமல் வந்துவிடும். ஒன்று, எதிர்கால மனிதர் வேடத்தில் வந்த ஃபாரஸ்ட் அக்கர்மேன் என்ற ரசிகர். இன்னொன்று, உள்ளே வரக்கூடாது என்று வாசலிலேயே மறிக்கப்பட்ட ஆறு பேர். இந்த இரண்டாவதை இடதுசாரிகளுக்கும் மற்றவர்களுக்கும் நடந்த கொள்கைச் சண்டை என்று ஒரு வரியில் முடித்துவிடுவது வழக்கம். இதில் எனக்குப் பாதி உடன்பாடுதான். கொள்கை இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் யார் கையில் முகவரிப் பட்டியல் இருந்தது, யார் கையில் நகலெடுக்கும் கருவி இருந்தது என்பதைப் பார்க்காமல் அந்தச் சண்டை விளங்காது.

முதலில் முகவரி. 1926 ஏப்ரலில் ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ என்ற அறிபுனை இதழைத் தொடங்கினார். வாசகர் கடிதப் பகுதியில் கடிதம் எழுதியவரின் பெயரோடு முழு முகவரியும் அச்சாகும். இன்று அப்படிச் செய்தால் வழக்குப் போடுவார்கள். அன்று அதுதான் விதை. ஒரு ஊரில் தனியாக இந்தக் கதைகளைப் படித்துக்கொண்டிருந்த பையன், பக்கத்துத் தெருவில் இன்னொருவன் இருப்பதை இதழைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். 1934-இல் அதே கெர்ன்ஸ்பேக் ‘வொண்டர் ஸ்டோரீஸ்’ என்ற இதழின் வழியாக அறிபுனைக் கழகம் ஒன்றைத் தொடங்கி ஊர் ஊராகக் கிளைகளும் வைத்தார். ஆக, யாரிடம் நூறு முகவரி இருந்ததோ அவர் தலைவர். உறையில் 3 சென்ட் தபால்தலை ஒட்டினால் கடிதம் அமெரிக்காவின் எந்த மூலைக்கும் போய்விடும்.

முகவரி இருந்தால் போதுமா? அனுப்ப இதழ் வேண்டுமே. அச்சகத்துக்குக் கொடுக்கக் காசு இல்லாத பதினாறு, பதினேழு வயதுப் பையன்களுக்கு வாய்த்தது ஹெக்டோகிராஃப். ஜெலட்டின், கிளிசரின், தண்ணீர் மூன்றையும் மிதமான சூட்டில் கரைத்து, ஆழமில்லாத தகரத் தட்டில் ஊற்றி, மட்டமான இடத்தில் ஓரிரவு உறைய விட வேண்டும். காய்ந்து வெடிக்காமல் ஈரமாக நிற்பது கிளிசரினால்தான். ஊற்றியவுடன் மேலே வரும் குமிழிகளைக் காகித விளிம்பால் வழித்தெடுக்காவிட்டால், ஒவ்வொரு குமிழியும் ஒவ்வொரு நகலிலும் வெள்ளைப் புள்ளியாக விழும். மூலப் பக்கத்தை அனிலின் சாயம் கொண்ட பென்சிலாலோ தட்டச்சு ரிப்பனாலோ எழுதுவார்கள். மற்ற நிறங்களும் உண்டு, ஆனால் ஊதா மாதிரி நின்று பிடிப்பது எதுவும் இல்லை. அந்தக் காலத்து ரசிகர் இதழ்கள் பல ஊதாவாக இருப்பதற்குக் காரணம் அழகுணர்ச்சி என்று நினைக்க வேண்டாம்.

தட்டின் மேற்பரப்பை ஈரப் பஞ்சால் துடைத்து, மூலத்தைக் குப்புறப் போட்டு, சில நிமிடம் அழுத்தி எடுத்தால் எழுத்து இடவலம் மாறி ஜெலட்டினில் இறங்கியிருக்கும். பிறகு வெற்றுத் தாளை வைத்துத் தடவி உரிக்க உரிக்க நேரான நகல் வரும். முதல் சில தாள்களுக்கு ஓரிரு விநாடி போதும். போகப்போக வைத்திருக்கும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஐம்பது நகலுக்கு மேல் போனால் கண்ணை இடுக்கித்தான் படிக்க முடியும். அடுத்த பக்கத்தை உடனே போட முடியாது. மிச்சச் சாயத்தை வெதுவெதுப்பான நீரில் கழுவ வேண்டும், அல்லது அது அடியில் இறங்கும்வரை ஒரு நாள் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் பழைய பக்கம் புதிய பக்கத்தின் மேல் பேயாக எழும். ஒரே தட்டை வைத்துக்கொண்டு இருபது பக்க இதழ் போடுபவருக்கு எத்தனை நாள் ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கோடை வந்துவிட்டால் இன்னொரு தொல்லை: ஜெலட்டின் இளகி, தாளை உரிக்கும்போது தட்டின் தோலும் சேர்ந்து வரும்.

அடுத்த படி மிமியோகிராஃப். நம் ஊரில் சைக்ளோஸ்டைல் என்றால் தெரியும்: கல்லூரி வினாத்தாள், தொழிற்சங்க நோட்டீஸ், ஆரம்பகாலச் சிற்றிதழ்கள் சில எல்லாம் அதில் வந்தவைதான். மெழுகு பூசிய ஸ்டென்சிலில் ரிப்பனை விலக்கிவிட்டுத் தட்டச்சு செய்ய வேண்டும். ஓங்கி அடித்தால் வட்ட எழுத்துகளின் நடு அப்படியே கழன்று விழுந்து மைத்திட்டு ஆகிவிடும், மெதுவாக அடித்தால் எழுத்தே விழாது. தப்பானால் திருத்தத் திரவம் தடவிக் காய விட்டு மேலே அடிக்கலாம். மை உறிஞ்சும் தாள் வாங்காவிட்டால் ஒரு பக்கத்தின் மை அடுத்த தாளின் முதுகில் ஒட்டும். அதைத் தடுக்க இடையிடையே வேண்டாத தாள் செருக இன்னொரு ஆள் வேண்டும். இத்தனை இருந்தாலும் நூற்றுக்கணக்கில் நகல் எடுக்கலாம். ஐம்பது பேரிடம் பேசுபவருக்கும் ஐந்நூறு பேரிடம் பேசுபவருக்கும் உள்ள தூரம் இந்தக் கருவியின் தூரம்தான்.

இப்போது மாநாட்டுக்கு வருகிறேன். முதல் அறிபுனை மாநாடு எது என்பதில் இன்றைக்கும் தகராறு உண்டு. 1936 அக்டோபரில் நியூயார்க் ரசிகர்கள் சிலர் ரயிலேறி ஃபிலடெல்ஃபியா போய், அங்கிருந்த ரசிகர் ஒருவர் வீட்டில் கூடிப் பேசிவிட்டு, இதுவே மாநாடு என்று அறிவித்துக்கொண்டார்கள். 1937 ஜனவரி 3 அன்று இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பிரம்மஞான சபை மண்டபத்தில் சுமார் இருபது பேர் கூடினார்கள். முன்கூட்டி அறிவித்து, மண்டபம் பிடித்து, நிகழ்ச்சி நிரலோடு நடந்த கூட்டம் அது. வந்தவர்களில் 19 வயது ஆர்தர் சி. கிளார்க்கும் ஒருவர், ஆம், பின்னாளில் இலங்கையில் குடியேறி 2008-இல் அங்கேயே காலமான அவரேதான். என் ஓட்டு லீட்ஸுக்கு. நண்பர் வீட்டுக்கு விருந்தாளியாகப் போய்வந்ததை மாநாடு என்றால் நம் ஊரில் தினம் நூறு மாநாடு நடக்கிறது.

ஃபிலடெல்ஃபியா போன கூட்டத்தில் டொனால்ட் வோல்ஹைமும் வில் சைகோராவும் ஒரே அணியில் இருந்தார்கள். அடுத்த ஆண்டே பகை. வோல்ஹைம் பக்கம் போனவர்கள் பிறகு ‘ஃப்யூச்சரியன்’கள் ஆனார்கள். அறிபுனை வாசகன் சமூக மாற்றத்துக்கும் நிற்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். சைகோரா, சாம் மாஸ்கோவிட்ஸ், ஜேம்ஸ் டௌராசி மூவரும் இன்னொரு பக்கம். 1938 மே மாதம் நியூவார்க்கில் மாஸ்கோவிட்ஸும் சைகோராவும் கூட்டிய மாநாட்டுக்கு நூறு பேருக்கு மேல் வந்தார்கள். டௌராசி கையில் ‘ஃபேன்டசி நியூஸ்’ என்ற வாராந்தரச் செய்தித்தாள் இருந்தது. வாரந்தோறும் தபாலில் போகிற தாள் ஒன்று கையில் இருந்தால், எந்தக் கூட்டம் அதிகாரபூர்வமானது என்று தீர்மானிப்பது நீங்கள்தான். வணிக இதழ்களின் ஆசிரியர்களும் அவர்களை ஆதரித்தார்கள். வோல்ஹைம் கூட்டத்துக்கு எழுத்துத் திறமை அதிகம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மண்டபம் பிடித்து, பேச்சாளரை வரவழைத்து, இருநூறு பேருக்குச் செய்தி சேர்த்த உழைப்பு மற்றவர்களுடையது.

அந்த ஆண்டு நியூயார்க்கில் உலகக் கண்காட்சி நடந்தது. ‘நாளைய உலகம்’ என்பது அதன் கரு. மாநாட்டின் பெயரில் ‘உலகம்’ ஒட்டிக்கொண்டது அங்கிருந்துதான். மற்றபடி கூடியவர்கள் பெரும்பாலும் அமெரிக்கர்கள். ஜூலை 2 ஞாயிற்றுக்கிழமை, 4 சுதந்திர தினம். வேலைக்குப் போகிறவர்களுக்கும் வசதியான நாள்கள். இடம்: மன்ஹாட்டன் கிழக்கு 59-ஆம் தெருவில் கேரவன் ஹால்.

உள்ளூர்க்காரருக்குச் சுரங்க ரயிலில் 5 சென்ட் செலவு. கண்காட்சியையும் பார்க்க வேண்டும் என்றால் அதற்கு நுழைவுக் கட்டணம் 75 சென்ட். அன்று ‘அஸ்டவுண்டிங்’ என்ற அறிபுனை இதழின் விலை 20 சென்ட் என்பதை வைத்துப் பார்த்தால், கண்காட்சிக்கு ஒரு முறை போகிற காசில் மூன்று இதழ் வாங்கி மிச்சமும் பிடிக்கலாம். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து வருகிறவர் பாடு வேறு. நாட்டின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு இரவும் பகலும் பேருந்துப் பயணம். 18 வயது ரே பிராட்பரி அக்கர்மேனிடம் கடன் வாங்கிக்கொண்டு அப்படித்தான் வந்தார். கையில் அவருடைய கதைகளைவிட முக்கியமான ஒன்று இருந்தது: நண்பர் ஹான்னஸ் போக் வரைந்த படங்கள். அவற்றை ‘வியர்ட் டேல்ஸ்’ ஆசிரியர் ஃபார்ன்ஸ்வொர்த் ரைட்டிடம் காட்டினார். அதே ஆண்டு டிசம்பர் இதழின் அட்டையில் போக்கின் ஓவியம். மாநாட்டுக்குப் போவதால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டுமா?

சிறப்பு விருந்தினராக எழுத்தாளர் எவரையும் அழைக்காமல் ஃபிராங்க் ஆர். பால் என்ற ஓவியரை அழைத்தார்கள். ‘அமேசிங்’ முதல் இதழின் அட்டை அவருடையது. இயந்திரங்களையும் நகரங்களையும் அப்படி வரைவார். மனிதர்கள்தான் மரப்பாச்சி மாதிரி நிற்பார்கள். ‘அஸ்டவுண்டிங்’ ஆசிரியர் ஜான் கேம்ப்பெல் பேசினார். ‘மெட்ரோபொலிஸ்’ மௌனப் படம் திரையிட்டார்கள். 4-ஆம் தேதி சாஃப்ட்பால் ஆட்டம்கூட உண்டு.

மாநாட்டில் இதழ்களின் மூல ஓவியங்களை ஏலம் விட்டார்கள். அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வகை மாநாடுகள் பின்னாளில் பிழைத்து நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். அச்சுக்கட்டை எடுத்தபின் மூல ஓவியம் பதிப்பகத்துக்கு வெறும் இடத்தை அடைக்கிற சரக்கு. கேட்டால் கொடுத்துவிடுவார்கள். ரசிகனுக்கோ அது பொக்கிஷம். சும்மா வந்த பொருள் காசாகி மாநாட்டுச் செலவுக்கு உதவியது. சிக்கல் என்னவென்றால் வாங்குகிறவர்கள் பள்ளி, கல்லூரிப் பையன்கள். அதனால் இன்று அருங்காட்சியக விலை போகக்கூடிய ஓவியங்கள் அன்று சில டாலருக்கே கைமாறின. அவற்றைப் பேருந்தில் மடங்காமல் ஊர் கொண்டுபோய்ச் சேர்ப்பது தனிக் கலை.

வேடப் பேச்சில் எனக்கொரு குறை. அக்கர்மேன் பெயர் எங்கும் வரும். அவருடைய உடையையும் தன்னுடையதையும் வடிவமைத்துத் தைத்தவர் மர்ட்டில் டக்ளஸ், ரசிகர் வட்டத்தில் மொரோஜோ. ஃபிராங்க் பாலின் ஓவியங்களில் வருவது போன்ற மேலங்கி உடை. அந்தக் கோடையில் அதைப் போட்டுக்கொண்டு மன்ஹாட்டன் தெருவில் நடந்த இருவரில் ஒருவருக்கு மட்டும் புகழ் முழுவதும் போனது நியாயமில்லை.

சரி, வாசல். மண்டபத்துக்குள் மஞ்சள் தாளில் அச்சிட்ட துண்டுப் பிரசுரக் கட்டு ஒன்று அகப்பட்டது. அமைப்பாளர்கள் சர்வாதிகாரிகள், ஏமாறாதீர்கள் என்பது அதன் சாரம். வோல்ஹைம், ஃபிரெடரிக் போல், ஜான் மிஷெல், ராபர்ட் லவுண்டஸ், சிரில் கார்ன்புளூத், ஜாக் கில்லஸ்பி ஆறு பேரின் வேலைதான் என்று முடிவுகட்டி மறித்தார்கள். ஒழுங்காக இருப்போம் என்று வாக்குக் கொடுத்தால் விடுகிறேன் என்றார் மாஸ்கோவிட்ஸ். வோல்ஹைம் மறுத்தார். அன்று கார்ன்புளூத்துக்குப் பதினாறாவது பிறந்தநாள். மாஸ்கோவிட்ஸுக்கு மட்டும் என்ன, 19 முடிந்து இரண்டு நாள்தான். வேடிக்கை, அந்தப் பிரசுரத்தை எழுதியவர் டேவ் கைல். அவர் உள்ளேதான் இருந்தார். ஃப்யூச்சரியன் கூட்டத்தைச் சேர்ந்த எழுத்தாளர் ஐசக் அசிமோவும் யாரும் தடுக்காமல் உள்ளே போய்விட்டார்.

இதில் மாஸ்கோவிட்ஸ் தரப்பின் பயம் புரிகிறது. கூட்டத்தைக் குலைத்துவிடுவார்கள் என்று நினைக்கக் காரணம் இருந்தது. ஆனால் ஆளைப் பார்த்து வாசலில் நிறுத்துவது நிர்வாகம் ஆகாது. யாருக்கு அனுமதி இல்லை, ஏன் இல்லை என்பதை ‘ஃபேன்டசி நியூஸ்’ இதழில் இரண்டு வாரம் முன்பே போட்டிருக்கலாம். மேடையில் கேள்வி கேட்க நேர வரம்பு வைத்திருக்கலாம். கலாட்டா செய்தவரை, செய்தபிறகு வெளியே அனுப்பியிருக்கலாம். கையில் வாரத்தாள் இருந்தும் அதைப் பயன்படுத்தாமல் கதவைப் பயன்படுத்தினார்கள். அதனால்தான் எண்பது ஆண்டு தாண்டியும் இருநூறு பேர் வந்த கூட்டத்தில் ஆறு பேரின் பெயரைப் பேசிக்கொண்டிருக்கிறோம். வோல்ஹைம் தரப்பும் சும்மா இல்லை, ஒரு வாக்கு கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்திருக்கலாம். வெளியே நிற்பதில் உள்ள லாபம் வோல்ஹைமுக்குத் தெரிந்திருந்தது என்றுதான் எனக்குப் படுகிறது.

பின்னால் ஃபிரெடரிக் போல் இதழாசிரியராகி, அறிபுனைக்குத் தரும் ஹ்யூகோ விருதுகள் வாங்கினார். வோல்ஹைம் 1971-இல் டா புக்ஸ் என்ற சொந்தப் பதிப்பகம் தொடங்கினார். 1972, 1988 உலக மாநாடுகளில் இருவரும் முறையே சிறப்பு விருந்தினர்கள். 1956-இல் மாநாடு மீண்டும் நியூயார்க் வந்தபோது சிறப்பு விருந்தினர் ஆர்தர் கிளார்க். மாநாட்டுத் தலைவர், மஞ்சள் தாள் புகழ் டேவ் கைல்.