கடிகார முகப்பில் அந்தப் பெயரைப் பொறிக்க மாட்டேன்

நான்கு மாதம் உட்கார்ந்து செய்த கடிகாரம் ஒருவழியாக மேசைமேல் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு முட்களும் ஒளி ஊடுருவும் வட்டத்தின் நடுவே அந்தரத்தில் நிற்கின்றன. வட்டத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் புத்தகங்களின் தலைப்பைக்கூடப் படிக்கலாம். பார்க்க வந்த நண்பர் வெகுநேரம் வியந்துவிட்டு, "கார்ட்டியர் என்று பொன்னெழுத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடு, அசல் எது என்று யாருக்கும் தெரியாது" என்றார். அன்பாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

ஆடம்பர நகைகளுக்கும் கடிகாரங்களுக்கும் பெயர்போன பிரெஞ்சு நிறுவனம் கார்ட்டியர். முட்கள் அந்தரத்தில் நிற்பதுபோல் காட்டும் கடிகாரத்துக்கு மர்மக் கடிகாரம் என்று பெயர். 1912இல் அந்த நிறுவனம் வெளியிட்ட முதல் மர்மக் கடிகாரம் 'மாடல் ஏ'. செய்தவர் மொரிஸ் குவே என்ற கடிகாரக் கலைஞர். அதில் முள் தனியாகச் சுற்றுவதில்லை. ஒவ்வொரு முள்ளும் ஒரு ஸ்படிகத் தகட்டில் பதிந்திருக்கிறது, சுற்றுவது தகடுதான். தகட்டின் விளிம்பில் உள்ள பற்களைச் சட்டம் மறைத்துக்கொள்ள, பீடத்தில் இருக்கும் இயந்திரம் இரு பக்கத் தூண்களுக்குள் ஓடும் தண்டுகள் வழியாக அவற்றைத் திருப்புகிறது. இந்த உத்தியும் அவர்கள் வீட்டில் பிறந்ததல்ல. 1871இல் மறைந்த ராபர்ட்-ஹூடின் என்ற பிரெஞ்சுக்காரர், கடிகாரத் தொழில் கற்று மந்திர வித்தைக்காரராகப் புகழ்பெற்றவர், தம் மர்மக் கடிகாரங்களில் முன்பே காட்டியது. குவே அதிலிருந்துதான் ஊக்கம் பெற்றார். ஆகவே ஒரு வடிவத்தைப் பார்த்து நாமும் செய்துபார்ப்பது திருட்டு என்று யாராவது சொன்னால் நான் ஏற்க மாட்டேன். ஆனால் அடுத்தவர் பெயரை ஒட்டிக்கொள்வது வேறு விஷயம். அது பொய்.

ஸ்படிகத்துக்குப் பதிலாக நான் எடுத்தது அக்ரிலிக் என்ற, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக். விளிம்பில் 120 பற்கள் வெட்டிய இரண்டு வட்டத் தகடுகள், அவற்றைத் திருப்ப 12 பற்கள் கொண்ட சிறு சக்கரங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன ஸ்டெப்பர் மோட்டார், அதாவது படிப்படியாக நகர்ந்து சுற்றும் மோட்டார். காகிதத்தில் கணக்கு சுலபம்: பெரிய முள்ளின் தகடு மணிக்கு ஒரு சுற்று, அதற்கு மோட்டார் பத்துச் சுற்று. மோட்டாரின் விவரத்தாளில் ஒரு சுற்றுக்கு 2048 படிகள் என்று போட்டிருந்தது. அதை நம்பி ஓடவிட்டேன். ஒரே நாளில் கடிகாரம் ஏழு நிமிடம் முந்திவிட்டது.

ஒரு வாரம் மோட்டாரை இயக்கும் கணினி நிரலைக் குடைந்தேன். பிறகு மோட்டாரின் மூடியைக் கழற்றி, லென்சும் ஊசியும் வைத்துக்கொண்டு உள்ளே இருந்த பற்களை ஒவ்வொன்றாக எண்ணினேன். 9க்கு 32, 11க்கு 22, 9க்கு 26, 10க்கு 31. பெருக்கி வகுத்தால் வேகக் குறைப்பு, 2048 என்ற எண்ணுக்கு அடிப்படையான 64 அல்ல, 63.68. அதாவது ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2037.9 படிகள். அரை சதவீதத்துக்கும் குறைவான அந்த வித்தியாசம்தான் நாளுக்கு ஏழு நிமிடமாக வளர்ந்திருக்கிறது. எண்ணைத் திருத்தியதும் கடிகாரம் நேரத்துக்கு வந்தது. அந்த இரவின் மகிழ்ச்சியை எந்தக் கடையிலும் வாங்கியிருக்க முடியாது.

அக்ரிலிக் தந்த தொல்லை தனி. பாதுகாப்புத் தாளை உரித்தவுடனே நிலைமின்னேற்றம் ஏறி, தகடுகள் தூசியை இழுத்தன, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளவும் பார்த்தன. இடைவெளியைக் கூட்டி, ஈரத்துணியால் மெல்லத் துடைத்து, மறுபடி பொருத்தினேன். முள் கனமாக இருந்தால் தகடு ஒரு பக்கம் சாய்கிறது, ஏறும்போது திணறி இறங்கும்போது வழுக்குகிறது. மெல்லிய பித்தளைத் தகட்டில் முள் வெட்டி, வால்பகுதியைச் சற்று அகலமாக விட்ட பிறகுதான் எடை சரியானது. பழைய மர்மக் கடிகாரங்களின் முட்களைப் படங்களில் பார்க்கும்போது அந்த அலங்காரம் எல்லாம் அழகுக்கு மட்டுமே என்று நினைத்திருந்தேன். இப்போது என் கண் முதலில் தேடுவது எடை எங்கே இருக்கிறது என்பதைத்தான்.

ஆடம்பரப் பொருள் என்றால் தங்கமும் வைரமும்தான் நம் கண்ணில் படுகின்றன. என்னை அந்தக் கடிகாரத்திடம் இழுத்தது அவை அல்ல. இயந்திரத்தைக் கண்ணிலிருந்து அகற்றிவிட வேண்டும் என்ற அந்தப் பிடிவாதம். அதை எடுத்துக்கொண்டேன். தங்க நிறம் பூசவில்லை. பித்தளை பித்தளையாகவே இருக்கிறது. அக்ரிலிக்கை ஸ்படிகம் என்று யாரிடமும் சொல்லப்போவதில்லை. வீட்டில் இப்படிச் செய்பவர்களிடம் நான் கேட்பதும் இதுதான்: எந்த யோசனை பிடித்ததோ அதை எடுங்கள், முத்திரையை விட்டுவிடுங்கள்.

நண்பர் போன பிறகு பீடத்தைத் திருப்பி, அடித்தகட்டைக் கழற்றினேன். உட்புறத்தில் பென்சிலால் ராபர்ட்-ஹூடின், குவே என்று இரண்டு பெயர்களை எழுதினேன். அதற்குக் கீழே பற்களின் எண்ணிக்கை, 2037.9 என்ற எண், தகடுகளுக்கு இடையே விட வேண்டிய இடைவெளி. என்றைக்காவது இது நின்றுபோய், பழுதுபார்க்க ஒருவர் திறந்தால் அவருக்குத் தேவைப்படும். பிறகு திருகுகளை முடுக்கி, கடிகாரத்தை மேசையில் வைத்தேன். முகப்பில் எந்தப் பெயரும் இல்லை.