நீதிபோதனைப் பாடவேளை எங்கே போகிறது?

தொடக்கப் பள்ளிகளில் பண்புக் கல்வியைப் பற்றிப் பேச்செடுத்தால், பணமும் இல்லை, ஆளும் இல்லை என்ற பதில்தான் முதலில் வருகிறது. அந்தப் பதிலை நான் குறைசொல்ல மாட்டேன். இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளையும் பார்த்துக்கொள்ளும் பள்ளியில் பல ஆண்டுகள் பணியாற்றியவள் நான். ஒருவர் விடுப்பில் போனால், மற்றவர் அன்று முழுவதும் பிள்ளைகளை உட்கார வைப்பதற்கே திணற வேண்டியிருக்கும். ஆனாலும், என் கண்ணெதிரே பண்புக் கல்வி நின்றுபோன ஒவ்வொரு முறையும், அது பள்ளியின் அன்றாடத்தோடு ஒட்டாமல், தனிப் பாடவேளையாகவோ ஓர் ஆசிரியரின் சொந்த ஆர்வமாகவோ தனித்து நின்றது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கால அட்டவணையில் வாரத்துக்கு ஒரு நீதிபோதனைப் பாடவேளை இருக்கும். தேர்வு நெருங்கினால் அது கணக்குக்குப் போய்விடும்; கணக்கு முடிந்திருந்தால் மொழிப்பாடத்துக்குப் போகும். அதை எடுத்துக்கொள்ளும் ஆசிரியரைக் குற்றம் சொல்வதில் பயனில்லை, ஏனென்றால் அவரிடம் மதிப்பெண்ணைக் கேட்க ஆள் உண்டு, பண்பைக் கேட்க ஆள் இல்லை.

அந்தப் பாடவேளை தவறாமல் நடந்தாலும் அது மட்டும் போதாது என்பதற்கு நெடுநாளைய சான்று இருக்கிறது. அமெரிக்காவில் ஹார்ட்ஷார்ன், மே என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1920களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் நேர்மையைப் பற்றி விரிவான ஆய்வு நடத்தினார்கள். எது சரி என்று சொல்லத் தெரிந்த பிள்ளை அப்படியே நடந்துகொள்ளும் என்பதற்கு அவர்களுக்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. ஓர் இடத்தில் ஏமாற்றிய பிள்ளையே இன்னோர் இடத்தில் நேர்மையாக இருந்தது. 2010இல் அதே நாட்டின் கல்வித் துறை, தொடக்கப் பள்ளிகளுக்கென வகுக்கப்பட்ட 7 பண்புத் திட்டங்களைச் சோதித்துப் பார்த்து வெளியிட்ட அறிக்கையிலும், மொத்தத்தில் பெரிய மாற்றம் எதுவும் தென்படவில்லை. ஆனால் 2011இல் வெளிவந்த மற்றொரு தொகுப்பாய்வு, பிறரோடு பழகுவது, தன் உணர்வுகளைக் கையாள்வது போன்ற சமூக, உணர்வுத் திறன்களை வளர்க்கும் 213 திட்டங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்து, நல்ல பலன் இருப்பதாகக் கண்டது. வெளியிலிருந்து வல்லுநர் வர வேண்டியதில்லை, வகுப்பாசிரியரே நடத்தினாலும் பலன் கிடைக்கிறது என்றும், நடைமுறையில் தடங்கல் வந்த இடங்களில் பலன் குறைகிறது என்றும் அது காட்டியது. பணமில்லாத பள்ளிக்கு இதைவிடத் தேவையான செய்தி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

வகுப்பாசிரியர் எந்த நேரத்தில் நடத்துவது? என் அனுபவத்தில் அதற்கான நேரம் சண்டையில் இருக்கிறது. தொடக்கப் பள்ளியில் ஒரு நாளைக்குக் குறைந்தது நான்கு சண்டைகளாவது ஆசிரியரின் மேசைக்கு வந்துசேரும். பென்சில் காணவில்லை, வரிசையில் இடித்துவிட்டான், விளையாட்டில் சேர்த்துக்கொள்ளவில்லை. வழக்கமாக நாம் இருவரையும் அதட்டி, ‘மன்னிப்புக் கேள்’ என்று சொல்லி அரை நிமிடத்தில் முடித்துவிடுவோம். அதற்குப் பதிலாக நான் மூன்று கேள்விகளைப் பழக்கமாக்கிக்கொண்டேன். என்ன நடந்தது? அதனால் யாருக்கு எப்படி இருந்தது? இதைச் சரிசெய்ய நீ என்ன செய்யப் போகிறாய்? முதல் சில வாரங்களில் ஒவ்வொரு சண்டைக்கும் ஐந்தாறு நிமிடங்கள் போயின. பாடம் பின்தங்குகிறதே என்று கவலையாகத்தான் இருந்தது. பிறகு, நான் எழுதுபலகையின் பக்கம் திரும்பியிருந்தபோது, பின் வரிசையில் ஒரு சிறுமி தன் தோழியிடம் அதே இரண்டாவது கேள்வியைக் கேட்டதைக் கேட்டேன். அதன் பின்னர் மேசைக்கு வந்த சண்டைகள் குறைந்தன.

காணாமல் போன பென்சிலுக்காக எல்லாப் பைகளையும் கொட்டிச் சோதிப்பதையும் நிறுத்தினேன். உணவு இடைவேளை முடிவதற்குள் அது என் மேசையில் இருந்தால் யாரென்று கேட்க மாட்டேன் என்று சொல்வேன், பெரும்பாலும் இருக்கும். பைகளைக் கொட்டினால் திருடாத முப்பது பிள்ளைகளும் அன்று சந்தேகத்துக்கு ஆளாகிறார்கள். அந்த அவமானம் எந்த நீதிக் கதையாலும் ஆறாது.

ஆசிரியர் பற்றாக்குறையால் பல வகுப்புகள் ஒரே அறையில் இருப்பதை எல்லாரும் குறையாகவே பார்க்கிறார்கள். குறைதான். ஆனால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தினமும் பத்து நிமிடங்கள் வாசித்துக் காட்டுவது அந்த அறையில்தான் எளிது. பொறுமையும் பொறுப்பும் அங்கே பாடமாக இல்லாமல் வேலையாக வருகின்றன. வாசிப்பில் பின்தங்கிய பெரிய பிள்ளைகளுக்குக்கூட, சின்னவர்களின் புத்தகத்தை வாசிப்பதில் கூச்சம் போய்விடுகிறது.

ஜப்பானில் பிள்ளைகளே வகுப்பறையைத் துப்புரவு செய்வதைப் பலரும் எடுத்துக்காட்டுகிறார்கள். நல்ல வழக்கம்தான், ஒரு நிபந்தனையோடு: அது தண்டனையாகவோ, சில வீட்டுப் பிள்ளைகளின் வேலையாகவோ, பெண் பிள்ளைகளின் வேலையாகவோ ஆகிவிடக் கூடாது. முறைப்பட்டியலில் ஆசிரியரின் பெயரும் இருக்க வேண்டும். அதே ஜப்பான் 2018இல் தொடக்கப் பள்ளிகளில் ஒழுக்கக் கல்வியைச் சிறப்புப் பாடமாக்கியபோது, அதற்கு எண்ணால் மதிப்பெண் போடாமல், வாக்கியங்களாகவே குறிப்பெழுதச் சொன்னது. அதையும் சேர்த்தே நாம் கவனிக்க வேண்டும்.

இதற்கெல்லாம் செலவே இல்லை என்று சொன்னால் அது பொய்யாகும். பணம் செலவாகாதே தவிர ஆசிரியரின் நேரமும் பொறுமையும் செலவாகும். மாலையில் மூன்று பதிவேடுகளையும் நான்கு படிவங்களையும் நிரப்பக் காத்திருப்பவரால் ஒரு சண்டையைக் காதுகொடுத்துக் கேட்க முடியாது. எனவே பண்புக் கல்வி வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்புகிற எவரும், அதே சுற்றறிக்கையில் எந்தப் பதிவேட்டை இனி எழுத வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. புதிதாக ‘பண்பு வளர்ச்சிப் பதிவேடு’ ஒன்றை அனுப்பினால் இருக்கிற கொஞ்சமும் போய்விடும்.

மீதமிருப்பது இடமாறுதல். ஆசிரியர் மாறினால் வழக்கமும் மாறிவிடுகிறது. பள்ளியில் எது எப்போது நடக்கிறது, எந்தப் பிள்ளை யாருக்கு வாசிக்கிறது, சண்டை வந்தால் என்ன கேட்கிறோம் என்பதை ஒரே பக்கத்தில் எழுதி, வருகைப் பதிவேட்டோடு சேர்த்துப் புதியவரிடம் ஒப்படைத்தால் போதும். நான் அந்தப் பள்ளியை விட்டு வந்தபோது அதைச் செய்யவில்லை. சாவிகளையும் பதிவேடுகளையும் எண்ணிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். வாசிப்பு இணைகளின் பட்டியல் என் தலைக்குள்ளேயே இருந்துவிட்டது. அடுத்த ஆண்டு அந்தப் பத்து நிமிடம் நடக்கவில்லை என்று, அப்போது ஐந்தாம் வகுப்புக்கு வந்திருந்த ஒரு மாணவன்தான் எனக்குச் சொன்னான். தனக்கு யாரை ஒதுக்குவார்கள் என்று அவன் விடுமுறை முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தானாம்.