மேடில்லாத முனையில் மலை சைக்கிள்

குன்றுகள் நிறைந்த கடலோரத் தீபகற்பம் ஒன்றில் மலை சைக்கிள் ஓட்டிய அனுபவத்தைச் சொல்லும் கட்டுரை ஒன்றை, வேதாரண்யத்துக்கும் கோடியக்கரைக்கும் இடையே ஆண்டுக்கணக்கில் சைக்கிள் மிதித்து வருபவன் என்ற முறையில் மிகுந்த ஈடுபாட்டுடன் படித்தேன். காவிரிப் படுகையின் தென்கோடியான எங்கள் ஊர்ப்பக்கமும் கடலுக்குள் நீண்ட முனைதான்; ஆனால் மேடு என்று சொல்ல இராமர் பாதம் இருக்கும் மணல்திட்டைத் தவிர வேறில்லை. அந்தக் குறையைக் காற்று தீர்த்து வைக்கிறது. மார்கழியில் வாடை முதுகைத் தள்ளக் கோடியக்கரைக்கு எளிதாகப் போய்விடலாம். திரும்பும்போது அகத்தியம்பள்ளி உப்பளங்களின் வெட்டவெளியில் அதே காற்று நெஞ்சில் மோத, சமதரையிலேயே மலையேறும் கியரைப் போட வேண்டியிருக்கும்.

மணலில் டயர் காற்றைச் சற்றுக் குறைத்தால்தான் சக்கரம் அகன்று பதிந்து புதையாமல் நகரும் என்று கட்டுரையாளர் கூறுவது முற்றிலும் உண்மை. உப்பைப் பற்றியும் அவர் எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கரையோரம் ஓட்டிவிட்டுக் கழுவாமல் நிறுத்திய என் சைக்கிளின் செயின், மூன்றாம் நாள் காலையில் செம்பழுப்பேறி, கண்ணிகள் மடங்காமல் விறைத்து நின்றது. வீடு திரும்பிய அன்றே நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, எண்ணெய் விடுவது அவசியம். 1967 முதல் சரணாலயமாக உள்ள கோடியக்கரையில் வெளிமான்கள் மேய்வதால், இங்கு வருவோர் அனுமதிக்கப்பட்ட பாதையை விட்டு விலகாமல் ஓட்ட வேண்டுமெனவும் கேட்டுக்கொள்கிறேன்.