கஃபே மூடினதுக்கு ஊர் என்ன பண்ணும்?

நேத்து சாயங்காலத்துல இருந்து அந்த வீடியோவை எனக்கு அனுப்பாத ஆள் பாக்கியில்ல. பதினேழு பேர், எண்ணிப் பாத்துட்டேன். தெற்கு இங்கிலாந்து கென்ட்ல இருந்து ஸ்காட்லாந்துக்கு வந்து கஃபே நடத்தின புருஷன் பொண்டாட்டி, பூட்டின கஃபே வாசல்ல நின்னு கண் கலங்கப் பேசுறது. "இந்த ஊர் எங்களை ஏத்துக்கவே இல்ல"ன்னு அந்தம்மா சொல்ற இடத்துல பின்னாடி சோகமா வயலின் வேற. அதை ஷேர் பண்ணின நம்ம தமிழ்த் தம்பி ஒருத்தர், வீடியோவுக்கு மேல ஒரு வரி போட்டிருக்கார்: "ஸ்காட்லாந்துக்காரன் வெள்ளைக்காரனையே சேத்துக்க மாட்டான், நம்மளையா சேத்துக்கப் போறான்!" கீழ நம்மாளுங்க நானூறு கமெண்ட். அதுல முக்காவாசிப் பேர் லண்டன் பக்கத்து லூட்டன் ஏர்போர்ட்டுக்கு வடக்கே கால் வச்சிருக்க மாட்டாங்க.

நான் மரியாதையா ரெண்டே வரிதான் எழுதினேன். "சொம்பு"ன்னு பதில் வந்துச்சு. சரி, சொம்பை இறக்கி வச்சிட்டு உக்காந்து விரிவாவே எழுதிடுறேன்.

அந்த கஃபே எங்க வீட்டுல இருந்து ஆறு மைல். அதுக்கு முன்னாடி அதை நடத்தினது உள்ளூர் அம்மா ஒருத்தங்க, முப்பது வருஷம். காலைல ஏழு மணிக்குக் கதவு திறந்திருக்கும். மரம் வெட்டப் போற பசங்க, மீன் பண்ணைக்குப் போற பசங்க எல்லாம் ஆளுக்கு ரெண்டு ரோல் வாங்கிட்டுப் போவாங்க. பன்னுக்குள்ள சதுரமா ஒரு சாசேஜ், மேல பிரவுன் சாஸ், அவ்வளவுதான் அந்த ரோல். கதவுக்குப் பக்கத்துல ஒரு நோட்டீஸ் போர்டு. காணாமப் போன நாய், விலைக்கு வர்ற டிராக்டர், சனிக்கிழமை ராத்திரி கேலி (நம்ம கேலி இல்லைங்க, ஊர் கூடி ஆடுற ஆட்டத்துக்கு அவங்க பேர் அது), யார் வீட்டு அடக்கம் எந்தச் சர்ச்சுல எத்தனை மணிக்கு, எல்லாமே அதுலதான் வரும்.

கென்ட் தம்பதி வந்த முதல் வாரமே அந்த போர்டைக் கழட்டிட்டாங்க. அந்த இடத்துல கடல்ல ஒதுங்கின கட்டையில "மூச்சு விடுங்கள்"னு இங்கிலீஷ்ல எழுதி மாட்டினாங்க. அதுவரைக்கும் ஊரே மூச்சு விடாம இருந்துச்சு பாருங்க. அடுத்த மாசம் ரோல் நின்னுது, அவகாடோ வந்துச்சு. கடை திறக்கிறது பத்து மணிக்கு. வாசல்ல "சேறு ஒட்டின பூட்ஸோட உள்ளே வராதீங்க"ன்னு அட்டை. சுத்தி நாலு பக்கமும் ஆட்டுப் பண்ணை இருக்கிற ஊர் அது! நவம்பர்ல ஆள் வர்றதில்லைன்னு பூட்டிட்டு ஸ்பெயின் போனாங்க, ஏப்ரல்ல வந்தாங்க. டூரிஸ்ட் வரலைங்கிறது உண்மை. ஊர்க்காரங்க எங்கயும் போகல, குளிர்ல அங்கயேதான் இருந்தாங்க.

இதுக்கு மேலயும் ஊர்ச் சனம் அங்க போய் காபி குடிச்சாங்க. நானே பாத்தேன். ஒரு வருஷத்துக்கு மேல பொறுத்தாங்க. அதனாலதான் சொல்றேன்: இங்கிலாந்துல இருந்து வந்தாங்கன்னு அந்தக் கடையை யாரும் ஒதுக்கல. வந்து நம்மளைத் திருத்தப் பாக்கிறாங்கன்னு ஒதுங்கினாங்க. ரெண்டும் ஒண்ணான்னு நீங்களே சொல்லுங்க.

என் கதையைச் சொல்றேன், அப்பவாவது புரியுதா பாப்போம். 2005ல இருந்து எட்டு வருஷம் இங்கிலாந்துல கோவென்ட்ரில இருந்தேன். கம்பெனியில ஆள் குறைச்சாங்க. அந்த நேரம் மனைவிக்கு வடக்கு ஸ்காட்லாந்துல இன்வர்னஸ்ல நர்ஸ் வேலை கிடைச்சுது, 2013ல இங்க வந்துட்டோம். பழைய வேன் ஒண்ணு வாங்கித் தோசைக்கல் போட்டேன். இங்க தெருவுல விக்கிறதுக்கு 1982ல வந்த தனிச் சட்டம், அதுப்படி கவுன்சில் லைசென்ஸ். இங்கிலாந்துல கேட்டுத் தெரிஞ்சுகிட்டது ஒண்ணும் செல்லல. சுகாதார ஸ்டிக்கரும் அப்படித்தான். இங்கிலாந்துல பூஜ்யத்துல இருந்து அஞ்சு வரைக்கும் மார்க் போடுவாங்க. இங்க "பாஸ்", இல்லேன்னா "சரி பண்ணணும்". அஞ்சுக்கு அஞ்சு வாங்கி ஜன்னல்ல ஒட்டிக்கிற பெருமையெல்லாம் கிடையாது. ஊர்க்காரங்க ஆளை எடை போடுறதும் கிட்டத்தட்ட அப்படித்தான். பாஸ் குடுத்துட்டாங்கன்னா அதுக்கு மேல ஒரு வார்த்தை பாராட்டா வராது.

முதல் வியாழக்கிழமை. மழை மேல இருந்து பெய்யல, பக்கவாட்டுல அடிக்குது. தொப்பி போட்ட வயசான விவசாயி ஒருத்தர் வந்து நின்னு, நான் மாவைச் சுத்தி இழுக்கிறதைப் பேசாம பாத்துட்டே இருந்தார்.

"பான்கேக்தானே அது?"

"ஆமாங்க."

"அப்புறம் எதுக்கு இவ்வளவு பெருசு?"

பதில் சொல்லத் தெரியல. "எந்த ஊர்?"னு கேட்டார். கோவென்ட்ரின்னேன். அடுத்த கேள்வி எனக்குத் தெரியும், எட்டு வருஷமா கேட்டது: "அது சரி, நிஜமா எந்த ஊர்?" அதுக்கு வாயைத் திறக்கறதுக்குள்ள அவர், "ஓ, இங்கிலீஷ்காரனா"ன்னார். முகத்துல லேசா ஒரு பரிதாபம்.

இங்கிலாந்துல எட்டு வருஷம் வரி கட்டினேன், தப்பித்தவறிக்கூட ஒருத்தன் என்னை இங்கிலீஷ்காரன்னு சொன்னதில்ல. ஸ்காட்லாந்துல அஞ்சு நிமிஷத்துல ஆக்கிட்டாங்க. அன்னைக்கு ராத்திரி இதைச் சொன்னப்ப என் மனைவி சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல இருக்கு.

அடுத்த வியாழன் அதே மனுஷன். "உருளைக்கிழங்கு என்ன விலைக்கு வாங்குற?" சொன்னேன். கண்ணை மூடிக்கிட்டார். பேப்பர் தட்டோட ஓரத்தைக் கிழிச்சு ஒரு நம்பர் எழுதிக் குடுத்தார், இன்வர்னஸ் பக்கத்துல பிளாக் ஐல்ங்கிற இடத்துல இருக்கிற அவரோட மருமகன் நம்பர். இன்னிக்கும் என் மசாலாவுக்குக் கிழங்கு அங்க இருந்துதான் மூட்டையா வருது. வெல்கம்ங்கிற வார்த்தை அந்த மனுஷன் வாயில இருந்து இதுவரைக்கும் வந்ததில்ல.

உடனே ஒருத்தர் வருவார்: "நீ கறுப்பு, பாவம்னு விட்டுட்டாங்க. வெள்ளை இங்கிலீஷ்காரனைத்தான் அவங்களுக்குப் பிடிக்காது." அடேங்கப்பா, கறுப்பா இருக்கிறதுல இப்படி ஒரு சலுகை இருக்கிறது இத்தனை நாள் தெரியாமப் போச்சே. 2011 கணக்கெடுப்புல ஸ்காட்லாந்து மக்கள்தொகை ஏறக்குறைய 53 லட்சம். அதுல சுமார் 4.6 லட்சம் பேர் இங்கிலாந்துல பொறந்தவங்க. வெளியில பொறந்து இங்க வந்தவங்கள்ல அவங்கதான் பெரிய கூட்டம். சேத்துக்காத ஊர்ல இத்தனை பேர் என்ன மரத்துலயா தொங்குறாங்க? எங்க பக்கம் பி அண்ட் பி (தங்க ரூமும் காலைச் சாப்பாடும்) நடத்துறவங்க, கயாக் ஓட்டக் கத்துக்குடுக்கிறவர், மண்பாண்டம் சுட்டு விக்கிறவங்க, பாதி பேர் அவங்கதான்.

2014ல தனிநாடா போகலாமான்னு ஓட்டெடுப்பு நடந்துச்சே, அதுல யாருக்கு ஓட்டு குடுத்தாங்கன்னு தெரியுமா? இங்க குடியிருக்கிறவங்களுக்கு. எடின்பரோவுல பொறந்து லண்டன்ல வேலை பாக்கிறவனுக்குக் கிடையாது, கென்ட்ல பொறந்து இங்க குடிவந்தவனுக்கு உண்டு. இந்தியா காமன்வெல்த் நாடுங்கிறதால இந்தியப் பாஸ்போர்ட் வச்சிருந்த எனக்கும் உண்டு. வந்து ஒரு வருஷம் கூட சரியா ஆகல, நாட்டைப் பிரிக்கலாமான்னு என்கிட்ட கேட்டாங்க. நம்ம ஊர்ல ரேஷன் கார்டு முகவரி மாத்தவே எனக்கு அதைவிட அதிக நாள் ஆச்சு.

"2006 உலகக் கோப்பை அப்ப எடின்பரோ பார்க்குல இங்கிலாந்து ஜெர்சி போட்ட ஏழு வயசுப் பையனை ஒருத்தன் அடிச்சானே?" அடிச்சான். அசிங்கம். ஸ்காட்லாந்துக்காரங்களே தலைகுனிஞ்சாங்க. 1993 வாக்குல "செட்லர் வாட்ச்", "ஸ்காட்டிஷ் வாட்ச்"னு குழுக்கள் கிளம்பி இங்கிலீஷ்காரங்க வெளியேறணும்னு பிரசாரம் பண்ணினதும் உண்மை. கூகுள்ல தேடி என் மூஞ்சியில எறிய வேண்டாம், நானே சொல்லிட்டேன். அந்தக் குழுக்கள் இன்னிக்கு எங்க? அவ்வளவுதான், அடுத்ததுக்குப் போவோம்.

வீடு. இதைப் பத்தி அந்த வீடியோவுல ஒரு வார்த்தை இல்ல. தெற்கே ஒரு சின்ன வீட்டை வித்துட்டு வந்தா இங்க கடலைப் பாத்த வீட்டை ரொக்கமா வாங்கலாம். இங்க வீடு விக்கிறவங்க பெரும்பாலும் "இந்த விலைக்கு மேல கேளுங்க"ன்னுதான் போடுவாங்க, மூடின கவர் ஏலம் மாதிரி, அடுத்தவன் எவ்வளவு கேட்டான்னு தெரியாது. மீன் பண்ணையில வேலை பாக்கிற இருபத்தஞ்சு வயசுப் பையன் அதுல எப்படி ஜெயிப்பான்? ஸ்கை தீவுப் பக்கம் போய்ப் பாருங்க, ஓட்டல்ல வேலைக்கு ஆள் வேணும், ஆள் தங்க வீடு இல்ல. அதனாலதான் வாடகைக்கு விடுற லீவு வீட்டுக்கெல்லாம் லைசென்ஸ் கேக்குறாங்க, 2024ல இருந்து ரெண்டாவது வீட்டுக்கு கவுன்சில் வரியை ரெட்டிப்பா போட அதிகாரம் குடுத்திருக்காங்க. கோபம் பாஸ்போர்ட் மேல இல்லைங்க, வீட்டு விலை மேல.

"இருநூறு வருஷக் கதையைச் சொல்லிப் புலம்புறாங்க"ன்னு இன்னொருத்தர். சொல்றது யாரு? ராஜராஜ சோழன் எந்தச் சாதின்னு இன்னிக்கும் கமெண்ட்ல வெட்டிக்கிற நாம! 1810கள்ல வடக்கு ஸ்காட்லாந்து சதர்லாந்துல ஆயிரக்கணக்கான பேரைக் குடிசையை விட்டுக் கிளப்பிட்டு அந்த நிலத்துல ஆடு மேய்ச்சாங்க. கிளப்பச் சொன்ன பிரபுவோட சிலை அங்க கோல்ஸ்பிங்கிற ஊருக்கு மேல மலை உச்சியில இன்னும் நிக்குது. ஆனா இதையும் எழுதுறேன், இல்லேன்னா நாளைக்குத் திரும்ப சொம்புன்னுவீங்க: பிரபு இங்கிலாந்துக்காரர், அவர் மனைவி அந்தச் சீமைக்கே உரிய ஸ்காட்லாந்துச் சீமாட்டி, கிளப்பின காரியஸ்தன் பேட்ரிக் செல்லர் ஸ்காட்லாந்துக்காரன். 1816ல இன்வர்னஸ்ல அவன் மேல வழக்கு நடந்து குத்தமில்லைன்னு விட்டுட்டாங்க. இங்கிலாந்து மட்டும் பண்ணின பாவம் இல்ல அது. உள்ளூர்ல பெரியவங்களுக்கு இது நல்லாவே தெரியும். வீடியோ எடுக்கிறவங்களுக்குத்தான் தெரியாது.

எனக்கு நிஜமா எரிஞ்சது எது தெரியுமா? கென்ட் தம்பதிக்காக நேத்து கண்ணீர் விட்ட அதே தம்பி, போன மாசம் திருப்பூர்ல பானிபூரிக் கடை போட்ட பையனைப் பத்தி "வடக்கனுங்க ஊரையே பிடிச்சுட்டானுங்க"ன்னு மீம் போட்டிருந்தார். தேடிப் பாத்தேன், இன்னும் இருக்கு. அந்தப் பையனாவது காலைல ஏழு மணிக்குக் கடை திறக்கிறான்.

எனக்கு எல்லாமே இனிப்பா இருந்துச்சுன்னு நான் சொல்லல. மூணாவது வருஷம் ஒரு காலைல வேன் கதவுல இருந்த தூசியில விரலால எழுதியிருந்துச்சு, "ஊருக்குப் போ"ன்னு. எந்த ஊருக்குன்னு எழுதல. கோவென்ட்ரிக்கா, திருநெல்வேலிக்கா? துணியால துடைச்சேன். மனைவிகிட்ட சொல்லல. அதுக்கப்புறம் ஒரு மாசம், தோசை வாங்க வர்ற ஒவ்வொருத்தர் விரலையும் பாத்துட்டே இருந்தேன். இதை இங்கதான் முதல் தடவையா எழுதுறேன். நீங்க அந்த ஒரு வரியை மட்டும் ஸ்க்ரீன்ஷாட் எடுப்பீங்கன்னும் தெரியும்.

இங்கிலாந்து யார்க்ஷயர்ல இருந்து வந்து கம்பளி நூல் கடை வச்சிருக்கிற அக்கா ஒருத்தங்க இருக்காங்க. இருபத்திரண்டு வருஷம். ஊர்க் கூடத்துல குளிர்காலம் முழுக்க சூப் காய்ச்சுறது அவங்க, அடக்கத்துக்கு சாண்ட்விச் வெட்டுறது அவங்க. இன்னும் ஊர்ல அவங்க பேரு "இங்கிலீஷ் வைஃபி", அதாவது இங்கிலீஷ் பொம்பளை. கூப்பிட்டா சிரிச்சுட்டுத்தான் திரும்புவாங்க. வருத்தம் இல்லையான்னு ஒரு நாள் கேட்டேன். "முதல் பத்து வருஷம் இருந்துச்சு"ன்னாங்க. அதுக்கு மேல நான் கேக்கல.

அந்த கஃபே இப்ப விலைக்கு வந்திருக்கு. போன வியாழக்கிழமை பாக்க வந்த ஜோடி ஒண்ணு, பர்மிங்காம் பக்கம், என் வேன்ல தோசை வாங்கிட்டு நின்னுச்சு. "ஊர்க்காரங்க எப்படி, நல்லாப் பழகுவாங்களா?"ன்னு அந்தப் பையன் என்னைத்தான் கேட்டான். நான் கரண்டியோட யோசிச்சுட்டிருந்தேன். வரிசையில பின்னாடி நின்ன நம்ம உருளைக்கிழங்குப் பெரியவர் முந்திக்கிட்டார்.

"அந்த நோட்டீஸ் போர்டைத் திரும்ப மாட்டுவீங்களா?"

வேற எதுவும் கேக்கல. சட்னி கொஞ்சம் அதிகமா வாங்கிட்டுப் போயிட்டார்.